சி.முட்லூர் - வேலூர் - அண்ணாமலை நகர்: ஒரு ஜெர்சியின் பூகோளம்

டிஸ்கி: இது ஃபுட்பால் பதிவு. ஆனா கோல் அடிச்ச கதை ரொம்பக் கம்மி. எந்தக் கல்லூரிப் பையன் எந்தப் பல்கலைக்கழக பனியனை மாட்டிக்கிட்டு ஆடினான், அதை யார் முடிவு பண்ணினாங்கங்கிற கதைதான் அதிகம். கொசுவத்தி சுத்தறதுன்னா பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :)

அமெரிக்காவுல இருக்கிற நண்பர் ஒருத்தர் போன்ல ஒரு மணி நேரம் புலம்பித் தள்ளிட்டார். அவர் படிச்சது கலிபோர்னியாவுல, பெர்க்லி. அந்த ஊர் கல்லூரி ஃபுட்பாலுக்கு (கையில தூக்கிக்கிட்டு ஓடுவாங்களே, அது. அதுக்கு ஏன் ஃபுட்பால்னு பேர்னு கேட்டா இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்) 'கான்ஃபரன்ஸ்'னு ஒரு ஏற்பாடு இருக்கு. பக்கத்துப் பக்கத்து ஊர் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள்ள ஆடிக்கிற கூட்டணி. இப்போ பசிபிக் கடலோரத்துல இருக்கிற பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் 2024-லேர்ந்து அட்லாண்டிக் கடலோரக் கூட்டணியில ஆடுறாங்க. டிவி காசு. பழைய பசிபிக் கூட்டணியிலேர்ந்து பத்துப் பேர் கழண்டுக்கிட்டு 2024-ல வெறும் ரெண்டே பேர் மிச்சம். லீக் மேட்சுக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல பறக்கணும்.

அதுக்கு மேல ரேங்கிங் கூத்து வேற. யார் ப்ளேஆஃப் ஆடணும்னு 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி உட்கார்ந்து முடிவு பண்ணும். 2014 சீசன்லேர்ந்து நாலு டீம்தான். 2023-ல ஃப்ளோரிடா ஸ்டேட் ஆடின 13 மேட்ச்சையும் ஜெயிச்சும் வெளியில நிக்க வெச்சுட்டாங்க. முக்கியமான ஆட்டக்காரருக்கு அடிபட்டுடுச்சாம், அதனால டீம் முன்ன மாதிரி இல்லையாம். 2024-லேர்ந்து 12 டீம் ஆக்கினாங்க.

"கடல் மாறிப் போய் ஆடுறோம்டா, உங்க ஊர்ல இப்படி எல்லாம் உண்டா"ன்னு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. உண்டான்னா? நம்ம சி.முட்லூர் கதை தெரியாது போல அவருக்கு.

*

சிதம்பரத்துக்காரங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிழக்கால அண்ணாமலை நகர். பல்கலைக்கழகம்தான் ஊர், ஊர்தான் பல்கலைக்கழகம். சிதம்பரத்துக்கு வடக்கால, கடலூர் போற வழியில சி.முட்லூர். அங்க ஒரு அரசு கலைக் கல்லூரி இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல பத்து கிலோமீட்டர் கூடக் கிடையாது. சைக்கிள் மிதிச்சா வந்துடலாம்.

2000-களின் நடுவுல என் நண்பன் ஒருத்தன் அந்தக் கல்லூரியில படிச்சான். நல்ல லெஃப்ட் விங் ஆட்டக்காரன். வலது கால் சும்மா பேலன்ஸுக்கு. சாயங்காலம் ஆனா எங்களோட அண்ணாமலை நகர்லதான் பந்து உதைப்பான். பல்கலைக்கழக செலக்‌ஷன் வந்தப்ப அவன் பஸ் ஏறினது எங்க தெரியுமா? வேலூருக்கு!

சிதம்பரத்துல ராத்திரி பஸ் பிடிச்சு, விழுப்புரத்துல இறங்கி, திருவண்ணாமலை வழியா போற பஸ்ல நின்னுக்கிட்டே போய், விடியக்காலையில வேலூர்ல இறங்கி, ஒரு டீயைக் குடிச்சுட்டு நேரா கிரவுண்டுக்குப் போனான். ஏன்னா அவன் கல்லூரி திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோட இணைப்புக் கல்லூரி. பக்கத்துல இருந்த பல்கலைக்கழகத்துக்கு அவன் ஆட முடியாது. அது அவனுக்கு வெளி மாநிலம் மாதிரி.

முதல் வருஷம் கிடைக்கலை. ரெண்டாவது வருஷம் ரிசர்வ்ல எடுத்தாங்க. தென் மண்டலப் போட்டிக்குப் போய், கடைசி இருபது நிமிஷம் இறங்கி ஆடிட்டு வந்தான். அந்த இருபது நிமிஷத்தோட மதிப்பு என்னன்னு பின்னாடி சொல்றேன்.

இது எப்படி ஆச்சுன்னு புரிஞ்சுக்க கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

*

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல சிதம்பரத்துல ஸ்ரீ மீனாட்சி கல்லூரியை ஆரம்பிச்சார். அப்போ அது மெட்ராஸ் பல்கலைக்கழகத்தோட இணைப்புக் கல்லூரிதான். அப்புறம் அந்தக் கல்லூரி, தமிழ், சமஸ்கிருதக் கல்லூரிகள் எல்லாத்தையும் சேர்த்துக் கொடுத்து, கூடவே 20 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1929 ஜனவரி 1-ம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்துச்சு. இடம் திருவேட்களம். (அர்ஜுனன் பாசுபதாஸ்திரம் கேட்டு சிவபெருமானோட மல்லுக்கட்டின இடம்னு தல புராணம் சொல்லும். அந்தக் கணக்குல பார்த்தா இந்த ஊர்ல நடந்த முதல் மேட்ச் அதுதான். ஹோம் டீம் ஜெயிச்சுடுச்சு.)

இதுல நம்ம கதைக்கு வேண்டிய சங்கதி ஒண்ணே ஒண்ணு. அண்ணாமலை 'ஒருமைப் பல்கலைக்கழகம்'. அதாவது இணைப்புக் கல்லூரிகளே கிடையாது. அங்கேயே தங்கி அங்கேயே படிக்கிறவங்கதான் மாணவர்கள். மெட்ராஸ் பல்கலைக்கழகத்து டீம்னா ராஜதானி பூரா இருக்கிற கல்லூரிகள்லேர்ந்து பொறுக்கி எடுக்கலாம். அண்ணாமலை டீம்னா ஹாஸ்டல்ல யார் இருக்காங்களோ அவங்கதான். நல்ல கோல் கீப்பர் அந்த வருஷம் சேரலையா, அந்த வருஷம் கோல் கீப்பர் இல்லை. அவ்ளோதான்.

ஆனா அன்னிக்கு அது பெரிய குறையாத் தெரிஞ்சிருக்காது. ஏன்னா ஆட்டத்துல ஆளே கம்மி. தெற்குப் பக்கம் எண்ணிப் பாருங்க. மெட்ராஸ் 1857, மைசூர் 1916, உஸ்மானியா 1918, ஆந்திரா 1926, அண்ணாமலை 1929, திருவிதாங்கூர் 1937. மொத்தமே ஆறு! சர் அசுதோஷ் முகர்ஜி பேர்ல பல்கலைக்கழகங்களுக்கான ஃபுட்பால் கோப்பை 1941-ல வந்தப்ப தெற்கே இருந்தது இந்த ஆறு பேர்தான். ரெண்டு நல்ல மேட்ச் ஆடினா தெற்குல நீதான் ராஜா. சுதந்திரம் வந்தப்பகூட இந்தியா முழுக்க இருபது பல்கலைக்கழகம்தான் தேறும்.

2021-22 கணக்கெடுப்புல எத்தனைன்னு நினைக்கறீங்க? 1,168.

*

நடுவுல என்ன நடந்துச்சுன்னு வேகமா சொல்லிடறேன். மெட்ராஸ் பல்கலைக்கழகம் பெரிய கூட்டுக் குடும்பம். ஒவ்வொரு பிள்ளையா தனிக்குடித்தனம் போச்சு. 1966-ல மதுரை, 1978-ல அண்ணா, 1982-ல பாரதியாரும் பாரதிதாசனும், 1985-ல புதுச்சேரி (அதுவரைக்கும் பாண்டிச்சேரி கல்லூரிகளும் மெட்ராஸ்தான்). மதுரையிலேர்ந்து பிரிஞ்சு 1990-ல மனோன்மணியம் சுந்தரனார். 1997-ல சேலத்துல பெரியார். 2002-ல வேலூர்ல திருவள்ளுவர். நடுவுல எஸ்.ஆர்.எம்., வி.ஐ.டி., சத்யபாமான்னு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வேற. ஒவ்வொண்ணும் பிரியும்போது தென் மண்டலத்துல ஒரு டீம் கூடுது. மெட்ராஸ் டீமுக்கு ஆள் பொறுக்குற வயல் சுருங்குது. அண்ணாமலைக்கு மட்டும் எதுவும் ஆகலை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மத்தவங்க வரப்பை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருந்தாங்க, இவங்க அதே திருவேட்களத்து வேலிக்குள்ளயே பந்து உதைச்சுக்கிட்டு இருந்தாங்க.

2002-ல திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தப்ப அதுக்குக் கொடுத்த எல்லை: வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள். கடலூர் மாவட்டத்துக்குள்ளதான் அண்ணாமலை நகர் இருக்கு. ஆனா அண்ணாமலைக்கு யாரையும் இணைச்சுக்கிற அதிகாரம் சட்டத்துல இல்லை. அதனால தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரி, நெய்வேலி ஜவகர் அறிவியல் கல்லூரி, நம்ம சி.முட்லூர் எல்லாம் வேலூர்க் கணக்கு. பெர்க்லி நண்பர் டிவி காசுக்காகக் கடல் மாறினார். நம்மாளு டவுன் பஸ் டிக்கெட் காசுல போற தூரத்தை விட்டுட்டு வேலூருக்குப் போனது கெஜட்டுல வந்த ஒரு வரிக்காக.

*

இதெல்லாம் ஆட்டத்தைப் பாதிக்குமா, சும்மா பேப்பர்ல பேர் மாறுறதுதானேன்னு கேக்கலாம். கேரளாவைப் பாருங்க.

கோழிக்கோடு பக்கம் ஃபாரூக் கல்லூரின்னு ஒண்ணு, 1948-ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்சப்ப அது மெட்ராஸ் பல்கலைக்கழகம், ஏன்னா மலபார் அப்ப மெட்ராஸ் ராஜதானி. கேரள மாநிலம் உருவாகி 1957-ல திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகமா ஆனதும் இது திருவனந்தபுரத்துக் கணக்குக்குப் போயிடுச்சு. 1968-ல கோழிக்கோடு பல்கலைக்கழகம் தனியா வந்தப்ப அங்க சேர்ந்துச்சு. இருபது வருஷத்துல மூணு பல்கலைக்கழகம். கல்லூரி ஒரு அடி நகரலை.

மலபார்ல ஃபுட்பால் எப்படின்னு உங்களுக்கே தெரியும். அறுவடை முடிஞ்ச வயல்ல ராத்திரி லைட்டு போட்டு செவன்ஸ் ஆடுற ஊருங்க அது. அந்தப் பசங்க அதுவரைக்கும் திருவனந்தபுரத்துக்குப் போய் செலக்‌ஷன்ல நின்னாங்க. 1968-ல அவங்களுக்குன்னு ஒரு பனியன் கிடைச்சுது. 1971-ல விக்டர் மஞ்ஞிலா தலைமையில, உஸ்மான் கோயா பயிற்சியில, கோழிக்கோடு பல்கலைக்கழகம் அசுதோஷ் முகர்ஜி கோப்பையைத் தூக்கிடுச்சு. பல்கலைக்கழகத்துக்கு வயசு மூணு! அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு 1973-ல கேரளா முதல் தடவையா சந்தோஷ் டிராபி ஜெயிச்சுது.

பசங்க அதுக்கு முன்னாடியும் இருந்தாங்க, வயலும் இருந்துச்சு. கோடு போட்ட இடம் மாறினதும் ஒரே டீமா சேர்ந்தாங்க. இதை நான் ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டே இருக்கேன். கடலூர், நெய்வேலி, பண்ருட்டி, சிதம்பரம், விழுப்புரம் பசங்களை ஒரே பனியன்ல, நம்ம வீட்டு வாசல்லயே நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்னு. ஆசைதான்...

*

இப்ப அந்த இருபது நிமிஷத்தோட மதிப்புக்கு வர்றேன்.

அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டுல விண்ணப்பிச்சவங்களுக்குப் படிவங்கள் பத்தித் தெரியும். நாட்டுக்காக ஆடினவங்களுக்கு முதல் படிவம், மாநிலத்துக்காக தேசியப் போட்டியில ஆடினவங்களுக்கு ரெண்டாவது, பல்கலைக்கழகத்துக்காக ஆடினவங்களுக்கு மூணாவது, பள்ளிக்கூட தேசியப் போட்டின்னா நாலாவது. எந்த வேலைக்கு எந்தப் படிவம் செல்லும்ங்கிறது தனி புராணம், அதுக்குள்ள போகலை. ஆனா மத்திய அரசோட குரூப் சி வேலைகளுக்கு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருந்தாலே விளையாட்டு ஒதுக்கீட்டுல விண்ணப்பிக்கலாம். கோல் அடிச்சியா, ஜெயிச்சியாங்கிறது எல்லாம் அப்புறம். முதல்ல அந்தப் பனியனைப் போட்டிருக்கணும்.

என் நண்பன்கிட்ட அந்த மூணாம் நம்பர் படிவம் இருந்துச்சு. லேமினேட் பண்ணி வெச்சிருந்தான் (லேமினேட் பண்ணக் கூடாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, இன்னொண்ணு வாங்க மறுபடியும் வேலூர்!). இன்னிக்கு அரசு வேலையில இருக்கான். அப்பா விவசாயக் கூலி. அந்த வீட்டுல முதல் மாசச் சம்பளம் அவன் வாங்கினதுதான்.

ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு டீம். டீமுக்கு ஏறக்குறைய இருபது பேர். அப்போ வருஷத்துக்கு இருபது படிவம். ஒரு எல்லைக்குள்ள எத்தனை கல்லூரி, எத்தனை ஆயிரம் பசங்க இருந்தாலும் இருபதுதான். கோட்டை எங்க போடறாங்கங்கிறது அந்த இருபது பேர் யாருங்கிறதையும் சேர்த்துத்தான் முடிவு பண்ணுது. வரைபடம் போடறவங்களுக்கு இது ஞாபகம் இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

அண்ணாமலைப் பசங்களுக்கு இதுல ஒரு சலுகை இருந்துச்சுன்னு ஒத்துக்கணும். திருவள்ளுவர்ல நாலு மாவட்டத்துக்கு இருபது இடம். அண்ணாமலையில ஒரே வளாகத்துக்கு இருபது இடம். கலை, அறிவியல், பொறியியல், வேளாண்மைன்னு துறைகளுக்குள்ள ஆடி, அதுலேர்ந்து டீம் எடுத்தா போதும். (தொலைதூரக் கல்வியில லட்சக்கணக்குல படிச்சாங்களேன்னு கேப்பீங்க. அவங்க கணக்குல வரமாட்டாங்க. முழுநேர மாணவரா இருக்கணும்.) உடற்கல்வித் துறை இருந்ததால பி.பி.எட்., எம்.பி.எட். படிக்க வர்ற ஆட்டக்காரங்களும் டீமுக்குக் கிடைச்சாங்க. சின்ன வயல், ஆனா தண்ணி பாய்ஞ்ச வயல்.

*

வேலி உடைஞ்சது ரெண்டு கட்டமா.

நிதி நெருக்கடி வந்து, 2013 ஏப்ரல்ல அரசு நிர்வாகி ஒருத்தரை நியமிச்சுது. அதே வருஷம் புதுச் சட்டம் வந்து பல்கலைக்கழகம் முழுசா அரசு கைக்குப் போச்சு. உபரியா இருந்த ஊழியர்களை வெவ்வேற துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பினாங்க. அந்தக் கதையை எழுதினா ஊர்ல பாதிப் பேர் அழுவாங்க, பாதிப் பேர் சண்டைக்கு வருவாங்க. விட்டுடறேன்.

ரெண்டாவது கட்டம் 2021. இதுதான் நமக்கு முக்கியம். அந்த வருஷம் பிப்ரவரியில விழுப்புரத்துல டாக்டர் ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் போட்டாங்க. திருவள்ளுவரைப் பிரிச்சு விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகளை அதுக்குக் கொடுக்கிறதா ஏற்பாடு. மே மாசம் ஆட்சி மாறிச்சு. ஆகஸ்ட் கடைசியில அந்தப் பல்கலைக்கழகத்தை அண்ணாமலையோட இணைக்கிற சட்டம் வந்துச்சு. அரசியலா அன்னிக்கு ரெண்டு பக்கமும் நிறைய பேசினாங்க, அது உங்களுக்கே தெரியும். நான் பந்து கண்ணால பார்க்கிறேன். விழுப்புரம் பல்கலைக்கழகம் ஓட ஆரம்பிச்சிருந்தா தென் மண்டலத்துல ஒரு டீம் கூடியிருக்கும். திருவள்ளுவர், அண்ணாமலை, விழுப்புரம்னு மூணு. ஒவ்வொரு ஆட்டத்துலயும், ஆண்கள் பெண்கள் ரெண்டுலயும், புதுசா ஒரு டீமுக்கான படிவம். அது இல்லாமப் போச்சு. அதுக்குப் பதிலா 92 வருஷம் வேலிக்குள்ள இருந்த அண்ணாமலைக்குப் பல மாவட்டங்கள் கிடைச்சுது.

சி.முட்லூர் பையன் இப்ப சைக்கிள்ல வந்து செலக்‌ஷன்ல கலந்துக்கலாம். எனக்கு இதைக் கேட்டப்ப சந்தோஷம் தாங்கலை, நண்பனுக்குப் போன் போட்டேன். "பதினஞ்சு வருஷம் லேட்டுடா"ன்னான். நெய்வேலி, கடலூர், பண்ருட்டிக்கும் நல்லதுதான். கள்ளக்குறிச்சிப் பையன் விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு வழியா வரணும், ரொம்ப ஒண்ணும் மிச்சமில்லை. செஞ்சிப் பையனுக்கு வேலூரும் சிதம்பரமும் கிட்டத்தட்ட ஒரே தூரம். அவனுக்கு பஸ் மட்டும்தான் மாறிச்சு.

யாருக்கு நஷ்டம்? வளாகத்துப் பையனுக்கு. என் அக்கா பையன் அங்கதான் படிக்கிறான், ஸ்டாப்பர் ஆடுவான். "மாமா, நீங்க இருந்தப்ப ஹாஸ்டலுக்குள்ள அடிச்சுக்கிட்டா போதும். இப்போ பல மாவட்டத்தோட அடிச்சுக்கணும்"கிறான். அதுவும் வாஸ்தவம்தான். ஒருத்தன் தட்டுல விழுந்த சோறு இன்னொருத்தன் தட்டுலேர்ந்து போனதுதான், இருபது இருபதாத்தானே இருக்கு. இதுல இன்னொரு கூத்து, அதே வளாகத்துல இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-ல கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியா மாறிடுச்சு. அதுக்கப்புறம் சேர்ற மருத்துவ மாணவர்கள் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அண்ணாமலை நகர்லயே தூங்கி எழுந்து பல் விளக்கிட்டு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆடணும். கள்ளக்குறிச்சியில இருக்கிறவன் அண்ணாமலைக்கு ஆடுவான். பெர்க்லிக்காரர் கிட்ட இதைச் சொன்னேன், "சரி, நீங்கதான் ஜெயிச்சீங்க"ன்னுட்டார் :)

*

சரி, வாய்ப்பு எப்படி? ஊர்ப் பாசத்தை ஓரமா வெச்சுட்டுச் சொல்றேன்.

நம்ம ஊர்ல ரேங்கிங் கமிட்டி கிடையாது. போன வருஷம் முதல் நாலு இடத்துல வந்தவங்களை ஆளுக்கு ஒரு பிரிவுல போட்டு வெச்சுடுவாங்க. மத்தவங்களைக் குலுக்கிப் போட்டுப் பிரிவுகள்ல நிரப்புவாங்க. தோத்தா அன்னிக்கே ரயில். ஒரு பிரிவுல 16 டீம்னா வரிசையா நாலு மேட்ச் ஜெயிக்கணும், பெரும்பாலும் தினம் ஒரு மேட்ச். நாலு பிரிவு, நாலு ஜெயிச்ச டீம். அவங்க லீக் ஆடி மண்டல வரிசை முடிவாகும். அந்த நாலு பேரும் அகில இந்தியப் போட்டிக்குப் போவாங்க. நாலு மண்டலத்துலேர்ந்து பதினாறு டீம். அதுல முதல் எட்டு வந்தா, 2020-ல புவனேஸ்வர்ல ஆரம்பிச்ச கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்குத் தகுதி.

இதுல நியாயம் என்னன்னா, 13 மேட்ச் ஜெயிச்சவனை வெளியில நிக்க வைக்கிற வேலை இங்க நடக்காது. அநியாயம் என்னன்னா, சீட்டுக் குலுக்கல்ல ரெண்டாவது நாளே கோழிக்கோடோ கேரளாவோ எதிர்ல வந்து நின்னா, நல்ல டீமும் மறுநாள் வீட்டுல இருக்கும். ஒரு தடவை முதல் நாலுக்குள்ள புகுந்துட்டா அடுத்த வருஷம் பாதை லேசு. புகுற வரைக்கும்தான் கஷ்டம். பணக்காரன் பணக்காரன் ஆகுற கதைதான்.

அதுக்கு மேல தனியார் பல்கலைக்கழகங்கள். நல்ல ஆட்டக்காரனை +2 முடிக்கும்போதே பார்த்து, ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீன்னு கூட்டிக்கிட்டுப் போயிடறாங்க. குத்தம் சொல்ல மாட்டேன், ஏழைப் பையனுக்கு அது பெரிய விஷயம். வடக்கேயும் இதே காத்துதான். எல்லா ஆட்டத்துலயும் சேர்த்துப் புள்ளி போட்டுச் சிறந்த பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிற மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57-லேர்ந்து இருக்கு. அமிர்தசரஸ் குருநானக் தேவ், சண்டிகர்ல இருக்கிற பஞ்சாப் பல்கலைக்கழகம்னு அரசுப் பல்கலைக்கழகங்களே மாத்தி மாத்தி வாங்கினாங்க. 2024-க்கான கோப்பை சண்டிகர் பல்கலைக்கழகத்துக்குப் போச்சு. பேரைப் பார்த்து ஏமாறாதீங்க, அது தனியார், 2012-ல ஆரம்பிச்சது. ரெண்டாவது வந்ததும் தனியார்தான்.

அதனால ஆண்கள் ஃபுட்பால்ல அண்ணாமலை தென் மண்டலத்துல முதல் நாலுக்குள்ள நிலையா நிக்கும்னு நான் பந்தயம் கட்ட மாட்டேன். கேரளாவுலேர்ந்து மட்டுமே நாலஞ்சு பலமான டீம். பல மாவட்டங்கள் கிடைச்சும், அதுல தேறுற பசங்களைச் சென்னைக்காரங்க முன்னாடியே கொத்திக்கிட்டுப் போயிடுவாங்க.

பெண்கள் விஷயம் வேற. இங்கதான் எனக்கு நிஜமாவே நம்பிக்கை. கடலூர்ல பெண்கள் ஃபுட்பால் 2004 சுனாமிக்கு அப்புறம் வளர்ந்த கதை நிறைய பேர் எழுதியிருக்காங்க. கடலோரத்துல எல்லாத்தையும் இழந்த பிள்ளைங்க அரசு இல்லத்துல தங்கி, வெறுங்காலோட பந்து உதைச்சு மேல வந்தாங்க. இந்தியாவுக்கு ஆடின இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பொண்ணு. கடலூர் இந்திரா காந்தி அகாடமி டீம் பெண்கள் தேசிய லீக்ல ஆடியிருக்கு. தமிழ்நாடு 2018-ல மணிப்பூரை ஜெயிச்சு முதல் தடவையா தேசியப் பட்டம் வாங்குச்சு, 2023-ல மறுபடியும் வாங்குச்சு. இந்தக் கதையில கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனா 2002-லேர்ந்து 2021 வரைக்கும் கடலூர் கல்லூரியில படிச்ச பொண்ணு பல்கலைக்கழக மேட்ச் ஆடினா பனியன்ல இருந்தது வேலூர்ப் பேர். அண்ணாமலை நகர் மைதானத்துலேர்ந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்ள நாட்டுலயே நல்ல பெண்கள் ஃபுட்பால் நடந்துக்கிட்டு இருந்துச்சு, அண்ணாமலைக்கு அது இல்லை. இப்போ அந்தக் கல்லூரிகள் எல்லாம் அண்ணாமலைக் கணக்குல. 1968-ல மலபார் கோழிக்கோட்டுக்குக் கிடைச்ச மாதிரிதான் இது. கேரளாவோட ஆண்கள் டீம் மாதிரி பெண்கள்ல அவ்வளவு பேர் போட்டிக்கு இல்லை. வெயில்ல ஆடுறதுக்கு ரெண்டு செட் பூட்ஸ், நல்ல சாப்பாடு, செலக்‌ஷனுக்கு வர்ற பொண்ணுங்க ராத்திரி தங்க ஒரு இடம், இவ்வளவு இருந்தா எட்டுக்குள்ள வர முடியாத டீம் இல்லை. கடைசியாச் சொன்னது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். பையன் ராத்திரி பஸ்ல நின்னுக்கிட்டே போயிடுவான். பொண்ணை எந்த வீட்டுல விடுவாங்க?

போன வாரம் சாயங்காலம் நடக்கப் போனப்ப ரயில்வே கேட் பக்கத்துல நாலு பொண்ணுங்க, தோள்ல பை, ஒருத்தி கையில வலைப் பையில பந்து. "அண்ணா, கிரவுண்டுக்கு எப்படிப் போகணும்?"னு கேட்டாங்க. எந்த ஊரும்மான்னேன். திண்டிவனம் பக்கமாம். காலையில கிளம்பினாங்களாம். வழியைச் சொல்லிட்டு, வேலூருக்கு இதைவிட தூரம் தெரியுமான்னு ஆரம்பிச்சேன். அவங்க காதுல வாங்கலை, ஷேர் ஆட்டோவைக் கை காட்டி ஏறிப் போயிட்டாங்க.